நிறுத்த முடியாத ஆட்டம்

ஹான்காக், மிச்சிகன்
ஜனவரி 27, ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்பிள்ளை டெவினுக்கு,

முதலில் இந்த ஒரு பத்தியைப் படித்துவிடு. மற்றதை நிதானமாகப் படிக்கலாம். அனிக்கா நன்றாக இருக்கிறாள். பிள்ளையும் நன்றாக இருக்கிறது. அதன் இதயம் துடித்ததை ஸ்கேன் திரையில் நானே என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்தக் கப்பற்படைப் பயிற்சி முகாமில் உன்னை உட்கார்ந்து கடிதம் படிக்க விடுகிறார்களா, அதற்கும் விறைப்பாக நிற்க வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. எப்படி நின்றாலும் சரி, ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொள். வியாழக்கிழமையிலிருந்து நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உங்களிடமிருந்து போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் எனக்கு வந்த தண்டனை இது. இந்த வயதில் பேனா பிடித்து எழுத வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தை நீ பழித்தால், உன் மொட்டைத் தலைப் போட்டோவை நான் பழிப்பேன். இருவருக்கும் சரியாகப் போய்விடும்.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். பனி முன் ஜன்னலின் பாதிக்கு ஏறிவிட்டது. கூரையில் இருந்ததை நேற்றுத் தள்ளிவிட்டேன். உன் லாரியை வாரம் இருமுறை ஓட்டி எஞ்சினைச் சூடாக்குகிறேன். மசக்கை முடியும்வரை உங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவது என்று என் பூட்ஸையும் காப்பிக் குவளையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை ஆவிக்குளியல் மட்டும் இல்லை. கருவுற்றவள் அந்தச் சூட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளை வீட்டுக்குள் விட்டுவிட்டு நான் மட்டும் போய் வேர்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை. அதனால் கொல்லையில் அந்த அறை சும்மா கிடக்கிறது. எங்கள் கங்காஸ் குடும்பத்து வரலாற்றில் இத்தனை சனிக்கிழமை அடுப்பு மூட்டாமல் இருந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மசக்கையைப் பற்றி அவள் உனக்குப் பாதிதான் எழுதியிருப்பாள். காலையில் மட்டும் வரும் என்று யார் சொன்னதோ, அவரை நான் பார்க்க வேண்டும். காலையில் முட்டை வாசனை, மதியம் காப்பி வாசனை, சாயங்காலம் ஒன்றுமில்லாமலே வாந்தி. ஊரே தின்கிற இறைச்சிப் பணியாரத்தைப் பொட்டலத்தோடு பார்த்தாலே ஓடுகிறாள். உப்பு பிஸ்கட்டும் இஞ்சி சோடாவும்தான் உள்ளே தங்குகின்றன. உன் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் ஏதாவது கை வைத்தியம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாளியைக் கழுவி வைப்பது.

ஒன்றே ஒன்று அவளை நிமிர்த்தி உட்கார வைத்தது. அது டிவியில் மாட்டி ஆடுகிற உங்கள் விளையாட்டுப் பெட்டி. உன் பல்லைக் கடிக்காதே, முழுவதும் படி.

தினமும் சாயங்காலம் சோபாவில் சாய்ந்து, மடியில் போர்வை போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். நால்வர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காப்பாற்றும் அந்த ஆட்டம்தான். கண்ணுக்கும் கைக்கும் வேலை வந்துவிட்டால் வயிறு தன்னை மறந்துவிடும் போலிருக்கிறது. அந்த நேரம் மட்டும் அவள் முகத்தில் வெளிறல் போய்ப் பழைய நிறம் வரும். ஆரம்பத்தில் நானும் முணுமுணுத்தவன்தான். "இந்த நெலமையில சுடறதும் வெட்டறதும் எதுக்கும்மா?" என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் யாரையும் சுடறதில்லப்பா. நான் வைத்தியச்சி. அடிபட்டவங்களுக்கு மருந்து போடறவ. என்னைய விட்டா அவங்களுக்கு நாதியில்ல" என்றாள். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

மற்ற மூவரையும் உனக்குப் பெயரளவில் தெரிந்திருக்கும். தலைவி தன்னை மேஜர் என்று சொல்லிக்கொள்கிறாள். ஓக்லஹோமாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மூஸ் என்பவன் மனிடோபாவில் லாரி ஓட்டுகிறான். பிஸ்கட் என்பது ஜார்ஜியாவில் இருக்கும் ஒரு சின்னப் பெண், பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. இவர்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு கொடுமை இருக்கிறது. நடுவில் நிறுத்த முடியாது. நாம் நின்றாலும் எதிரி நிற்க மாட்டான். வாந்திக்கு அது தெரியுமா? ஒருநாள் நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அப்பா! இதப் பிடிங்க! பச்ச பட்டனை அமுக்கிக்கிட்டே இருங்க, விட்டுடாதீங்க!" என்று கன்ட்ரோலரை என் மடியில் போட்டு, ஹெட்போனை என் தலையில் கவிழ்த்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். நானும் அமுக்கினேன். மூஸ் பிழைத்துக்கொண்டான் என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. அவள் ஓடுவாள், நான் அமுக்குவேன்.

இனி சொல்லப்போவது உனக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று நீங்கள் இருவரும் முடிவு செய்ததும், அதற்கு என்னிடம் சத்தியம் வாங்கியதும் சரிதான். போன தடவை ஹாக்கி கிளப் விருந்தில் கேக் வெட்டிச் சொன்னோம். பிறகு கரு தங்காமல் போனதை மளிகைக் கடையிலும் சர்ச்சிலும் தபால் நிலையத்திலும் ஒவ்வொருவரிடமும் அவள் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அவள் கடைக்குப் போவதையே விட்டிருந்தாள். நான் மறக்கவில்லை. அதனால்தான் தினமும் என்னோடு காப்பி குடிக்கிற கூட்டத்திடம் மூச்சு விடவில்லை. என் சொந்தத் தம்பியிடம்கூட மகளுக்கு வயிற்றில் பூச்சி என்று கதை விட்டேன்.

ஆனால் அந்த ஹெட்போனில் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி பேசுவதற்கானது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்பதற்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவள் ஓடிய பிறகு, பட்டனை அமுக்கியபடி எனக்கு நானே புலம்பினேன்: "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இந்தப் பொண்ணு படற பாடு இருக்கே, கடவுளே... ஏண்டா மூஸ், நீ ஏண்டா எப்பப் பாத்தாலும் போயி அடி வாங்கற?"

காதில் ஒரு பெண் குரல், "யாருங்க பேசறது?" என்றது. நான் பயந்துபோய், "அவ அப்பன்" என்றேன். இன்னொரு குரல், "சார், நான்தான் மூஸ். மன்னிச்சுக்கோங்க, இனிமே கம்மியா அடி வாங்கறேன்" என்றது. திரும்பிப் பார்த்தால் அனிக்கா கதவருகே துண்டால் வாயைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். சொந்தச் சித்தப்பாவுக்குத் தெரியாத சேதி மூன்று மாநிலம் தாண்டிப் போய்விட்டது.

சாப்பாட்டு நேரம்வரை என்னிடம் பேசவில்லை. என் தட்டை மட்டும் சற்று வேகமாக வைத்தாள். ஆனால் மறுநாள் ஹெட்போனை மாட்டியபோது அந்த மூவரும் வாழ்த்துகூடச் சொல்லவில்லையாம். "சொல்லலாம்னு நீ சொல்றப்ப சொல்றோம்" என்று மேஜர் சொன்னாளாம். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மேஜர் பேருந்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில், "எல்லாரும் எந்திரிங்க! நடங்க! தண்ணி குடிங்க! மூஸ், பீர் தண்ணியில சேராது!" என்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்திக்காக நாலு பேரும் நாலு ஊரில் எழுந்து நடப்பார்கள். ஐந்தாவதாக நானும் சமையலறைக்கு ஒரு நடை போய் வருவேன்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது, டெவின். அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது.

நீ என்ன எழுதினாய் என்று நான் திருட்டுத்தனமாகப் படிக்கவில்லை. அவளே சாப்பாட்டு மேஜையில் எனக்குப் படித்துக் காட்டினாள். பிள்ளையை நினைத்து நீ கழிப்பறைக்குள் போய் அழுததையும், பக்கத்துக் கட்டில்காரன் உனக்காகச் சட்டை மடித்துக் கொடுத்ததையும் படித்தபோது அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த வரி வந்தது. "இந்தத் தடவையாவது அந்த ஆட்டத்தத் தொடாம இருக்கேல்ல? போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது."

கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். எழுந்து போய் விளையாட்டுப் பெட்டியின் வயர்களைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் துணிக்கூடையில் போட்டு, நான் தூக்குகிறேன் என்று சொல்வதற்குள் நிலவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அந்த மூவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்தாள். வாந்தி எடுத்தாள். உப்பு பிஸ்கட்டும் வயிற்றில் தங்கவில்லை. "கொஞ்ச நேரம் ஆடினாத்தான் என்னம்மா?" என்று கேட்டேன். "தொடாதேன்னு அவன் கேட்டுட்டான்பா" என்றாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ரத்தம் பட்டிருந்தது. நிறைய இல்லை, ஆனால் எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? போன வசந்தத்திலும் இப்படித்தானே தொடங்கியது. போர்வையோடு தூக்கிக்கொண்டுபோய் உன் லாரியில் உட்கார வைத்தேன். வாழ்நாள் முழுக்க இந்தச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி, பின்னால் வருகிறவனை எல்லாம் பொறுமையாக வரவைத்தவன் நான். அன்று எனக்கு முன்னால் போன பனி வண்டியைப் பார்த்து விடாமல் ஹாரன் அடித்தேன். அவன் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினான். எந்த விரல் என்று கேட்காதே. என் பழைய சக ஊழியன்தான்.

வழியில் அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "லேட்டா நிறுத்திட்டேன்பா" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி, "முன்னாடியே நிறுத்தியிருக்கணும். அவன் சொன்னது சரிதான்" என்றாள். அப்படியில்லை என்று சொல்ல நான் என்ன, டாக்டரா? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இரு கண்ணு, வந்தாச்சு, வந்தாச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். முகாமுக்கு அவசரச் செய்தி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்பா. அவன் பயிற்சி கெட்டுப்போகும். ஏற்கெனவே ஒண்ணைக் கெடுத்தவ நான்" என்றாள். அதனால்தான் உனக்குச் செய்தி வரவில்லை. என் மேல் வருத்தப்பட்டுக்கொள், அவள் மேல் வேண்டாம்.

ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் எதையோ அளந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் கடவுளிடம் என்னென்ன வாக்குக் கொடுத்தேன் என்று ஞாபகமில்லை. பீரை விடுவதும் அதில் இருந்தது என்று பயமாக இருக்கிறது. பிறகு அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "அதோ பாருங்க, துடிக்குது" என்றாள். அவரைக்கொட்டை அளவுகூட இல்லை, டெவின். நடுவில் ஒரு புள்ளி, நிற்காமல் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "பலமா இருக்கு, நல்லா இருக்கு" என்றாள் அந்தப் பெண். அனிக்கா அப்போதுதான் அழுதாள். ஸ்கேன் அறையே கேட்கும்படி அழுதாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுங்க அழுங்க, இங்க வந்து எல்லாரும் அழறதுதான்" என்றாள்.

டாக்டரம்மா பிறகு வந்தார். ஆரம்ப மாதங்களில் இப்படிக் கொஞ்சம் ரத்தம் படுவது பலருக்கும் நடக்கிறது, இந்தப் பிள்ளை நன்றாக வளர்கிறது, சில நாள் ஓய்வெடு, மறுபடி ரத்தம் பட்டால் உடனே வா என்றார். அனிக்கா தலையைக் குனிந்துகொண்டு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி கேட்டாள். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். அதை அப்படியே உனக்கு எழுத வேண்டும் என்றுதான் திரும்பும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்: "ஆட்டம் ஆடறதால கரு கலையாதும்மா. ஒரே இடத்துல ரொம்ப நேரம் உக்காராத, தண்ணி குடி, தூக்கத்தக் கெடுத்துக்காத. மத்தபடி உனக்கு மனசு லேசா இருந்தா ஆடு. போன தடவை நடந்ததுக்கும் நீ காரணமில்ல. நீ எதுவும் பண்ணல. நீ எதையும் பண்ணாம விட்டதாலயும் இல்ல."

போன தடவை என்ற சொல் வந்ததும் அனிக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. இத்தனை மாதம் அவள் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் நான் நிலவறைக்குப் போய்த் துணிக்கூடையை மேலே கொண்டுவந்தேன். "டாக்டர் சொல்லிட்டாங்கல்ல, ஆடு" என்றேன். "வேணாம்பா, விடுங்க" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். சரி, நீ ஆடாவிட்டால் நான் ஆடுகிறேன் என்று வயர்களை மாட்டினேன். இரண்டு முறை தப்பாக மாட்டினேன். மூன்றாம் முறை உங்கள் டிவி பேசத் தொடங்கியது. ஹெட்போனில் மேஜரின் குரல் வந்தது. "சார்? பொண்ணு எப்படி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர்கள் வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. வைத்தியச்சியின் இடத்தைக் காலியாகவே வைத்து, மூவராகவே ஆடி, எல்லா ஆட்டத்திலும் தோற்றிருக்கிறார்கள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன். மூஸ் அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தினான். பிஸ்கட் ஏதோ கத்தினாள், புரியவில்லை, சந்தோஷம் என்று மட்டும் தெரிந்தது.

அப்புறம் ஆடினேன். எனக்குத் தெரிந்தது ஒரே பட்டன். அதையே அமுக்கினேன். மேஜர் செத்தாள். பிஸ்கட் செத்தாள். மூஸ், "சார், மருந்து எனக்குப் போடுங்க, சுவத்துக்கில்ல!" என்று கெஞ்சினான். கொஞ்சம் வேண்டுமென்றே செய்தேன் என்று பெருமையடிக்கத்தான் ஆசை. உண்மையில் பெரும்பாலும் என் கைராசிதான். ஒரு கட்டத்தில் அனிக்காவால் பொறுக்க முடியவில்லை. போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்து, "குடுங்கப்பா இங்க! கொன்னுட்டீங்களே எல்லாரையும்!" என்று பிடுங்கிக்கொண்டாள். டெவின், அவள் சிரித்தாள். அவள் அம்மாவின் சிரிப்பு. அதைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

ஆனால் அந்த ஆட்டம் முடிந்ததும் கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டாள். எல்லோரும் எழுந்து நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். இவள் திரும்பி உட்காரவில்லை. "டெவினுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவான்பா" என்றாள். டாக்டரின் வார்த்தை அவள் காது வரை போயிருக்கிறது. அதற்கு உள்ளே போக வேண்டியது அவருடைய வார்த்தை இல்லை, உன்னுடையது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ பயந்துபோய் எழுதினாய். அத்தனை தூரத்தில், கையில் போன்கூட இல்லாமல், பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வழியில்லாதவன், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்ப்பான். நீ ஹாக்கி மட்டை தூக்க முடியாத வயதிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். நீ நல்ல பையன். போன வசந்தத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சமையலறையில் அந்த ஆட்டத்தைப் பற்றி அவளிடம் நீ ஒரு வார்த்தை சொன்னாய். நான் வராந்தாவில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதை இங்கே திருப்பி எழுத மாட்டேன். அது துக்கத்தில் வந்தது என்று அன்றே தெரியும், இன்றும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் வயர்களைப் பிடுங்கினாள்.

அதனால் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். பெரிய கடிதம் வேண்டாம். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம். அதெல்லாம் நீ மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் இருவரும் பேச வேண்டியது. நான் அன்று என் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன். இப்போதைக்கு அவளுக்கு எழுதும் அடுத்த கடிதத்தில், எங்காவது நடுவில், சட்டை மடிப்பைப் பற்றி எழுதும்போதே போகிற போக்கில், "சனிக்கிழமை ஆட்டத்துல ஜெயிச்சீங்களா?" என்று கேட்டு எழுது. அது போதும்.

நாங்கள் தோற்றோம். என்னால்தான். ஆனாலும் நீ அவளைக் கேள், அப்பா ஆகப்போகிறவனே.

நீ நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொள். உங்கள் மூவரையும் கடவுள் ஒரே வீட்டில் சேர்த்து வைக்கட்டும்.

உன் தபாலுக்காக வாசல் பெட்டிவரை பனியை வழித்து வைத்திருக்கும்
உன் மாமனார்
ரெய்னோ கங்காஸ்